காலி நிலம் எது? மும்பை மில் வளாகங்கள் கைமாறிய கதை

மும்பையின் மத்திய ரயில் தடத்தில் பைகுல்லாவைத் தாண்டியதும் சிஞ்ச்போக்லி, கரீ ரோடு, பரேல், தாதர் என்று நிலையங்கள் அடுத்தடுத்து வரும். மேற்குத் தடத்தில் ஏறக்குறைய அதே நேருக்கு மகாலட்சுமி, லோயர் பரேல், பிரபாதேவி. இந்த இரண்டு தடங்களையும் ஒட்டிப் பரவியிருந்த தொழிலாளர் பகுதிக்கு மராட்டியில் கிரண்காவ் என்று பெயர். கிரணி என்றால் மில், காவ் என்றால் ஊர். மில்லூர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நகரத்தில் இருந்த 58 பஞ்சாலைகளில் பெரும்பாலானவை இந்தப் பகுதிக்குள்ளேயே இருந்தன. அவை ஒவ்வொன்றாக நின்றுபோன பிறகு, நகரின் நட்டநடுவில் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் கிடந்தது. அதை என்ன செய்வது என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவிலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வாதம் நடந்தது. வீடு வேண்டும், பூங்கா வேண்டும், வேலை வேண்டும், சம்பள பாக்கி வேண்டும், விற்ற காசு வேண்டும் என்று ஒவ்வொரு தரப்பும் தன் நியாயத்தைப் பேசியது. கடைசியில் விதி ஒன்றில் இருந்த ஓரிரு சொற்களுக்கு என்ன பொருள் என்பதை வைத்துத்தான் எல்லாம் முடிவாயிற்று. அந்தச் சொற்கள் எப்படி வந்தன, யாருக்கு என்ன கொடுத்தன, யாரிடமிருந்து எதை எடுத்தன என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பம்பாயின் முதல் பஞ்சாலையை 1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் தார்தேவில் தொடங்கினார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் கொங்கணக் கரையின் ரத்னகிரியிலிருந்தும் மலைக்கு அப்பால் சதாராவிலிருந்தும் ஆண்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினார்கள். குடும்பம் ஊரில் இருக்கும்; வயலும் ஊரில் இருக்கும்; இவர்கள் மட்டும் மில்லின் காலடியில் இருந்த சால் என்னும் வரிசைக் கட்டடங்களில் தங்கினார்கள். சென்னையின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை நான்கு மாடிக்கு அடுக்கிவைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொண்டால் சால் கண்முன் வந்துவிடும். நீண்ட பொதுத் தாழ்வாரம், அதன் ஓரமாகப் பத்தடிக்குப் பத்தடி அறைகள், தளத்துக்குப் பொதுவான குழாயும் கழிப்பறையும். ஓர் அறையில் பத்துப் பேர் பதினைந்து பேர் வரைக்கும் ஷிப்டு மாற்றிப் படுத்தார்கள். இரவு ஷிப்டுக்காரர் எழுந்து போன பாயில் பகல் ஷிப்டுக்காரர் வந்து படுப்பார். பெரம்பூரிலோ கோவையிலோ வளர்ந்தவர்களுக்கு மில் சங்கு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிரண்காவிலும் அந்தச் சங்கின் ஒலிதான் கடிகாரம்.

இந்த ஆண்களுக்குச் சோறு போட்டவர்கள் பெண்கள். கானாவல் என்று அழைக்கப்பட்ட வீட்டு மெஸ்கள் ஒவ்வொரு சாலிலும் இருந்தன. தன் ஒற்றை அறையிலேயே அடுப்பு மூட்டி, மாதக் கணக்குக்குப் பத்து இருபது பேருக்கு ஒரு பெண் சமைத்துப் போடுவார். சம்பள நாளில் பணம் வரும். மில் தொழிலாளரின் எண்ணிக்கையைச் சொல்லும் எந்த ஆவணத்திலும் இந்தப் பெண்களின் பெயர் இல்லை என்றாலும், மில் நின்றபோது இவர்களுடைய அடுப்பும் நின்றது. 1975-இல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் இந்தக் கானாவல் பெண்களை ஒன்றுதிரட்டிக் கடன் பெற்றுத் தந்த அமைப்பு. மில் நிலத்தில் யாருக்குப் பங்கு என்ற கேள்வி எழுந்தபோது உரிமையாளர், தொழிலாளி, அரசு என்று மூன்று பெயர்களே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. அந்த அடுப்புகளை நம்பி இருந்த சுற்றுவட்டாரம் எந்தப் பட்டியலிலும் வரவில்லை என்பதை இங்கேயே குறித்துவைக்க விரும்புகிறேன்.

இனி மில் கட்டடத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சட்டச் சிக்கலின் வேர் அதன் கூரையில் இருக்கிறது. நூற்புக் கூடங்கள் சில மாடி உயரத்துக்குக் கட்டப்பட்டன. நெசவுக் கூடங்கள் அப்படியல்ல. தறிகளின் அதிர்வைத் தாங்குவதற்காக அவற்றைத் தரையில்தான் பரப்ப வேண்டும். வெயில் நேராக விழாமல், ஆனால் வெளிச்சம் நிறைய வரும்படி, ரம்பப் பல்லைப் போன்ற கூரையை வரிசை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு பல்லின் வடக்கு முகத்திலும் கண்ணாடி பதிப்பார்கள். விளைவு என்னவென்றால், ஒரே தளம் உள்ள தாழ்வான கூடம் ஏக்கர் கணக்கில் நிலத்தை மூடிக்கொண்டு நிற்கும். அதோடு சாயப்பட்டறை, கொதிகலன் அறை, பஞ்சுக் கிடங்கு, புகைபோக்கி, தண்ணீருக்காக வெட்டிய குளம். வளாகத்தில் ஒரு செங்கல்லும் பதியாத தரை என்பது நடைபாதையும் குளத்தங்கரையும் வண்டி திரும்பும் முற்றமும் மட்டுமே. மில் ஓடாமல் நின்றுபோய், கூரைக் கண்ணாடி உடைந்து, தறிகள் பழைய இரும்பாகப் போன பிறகும், அந்தக் கூடம் சட்டத்தின் கண்ணில் கட்டடம்தான்.

மில்கள் ஏன் நின்றன என்பதற்கு ஒரே காரணம் சொல்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். 1970-களிலேயே பிவண்டியிலும் இச்சல்கரஞ்சியிலும் விசைத்தறிகள் பெருகி, மில் துணியைவிட மலிவாகத் துணி வந்துகொண்டிருந்தது. பல முதலாளிகள் பல ஆண்டுகளாகப் புதிய இயந்திரங்களுக்குப் பணம் போடவில்லை. நலிந்த மில்களை மத்திய அரசு 1974-லும் பின்னர் 1983-லும் எடுத்துக்கொண்டது. இப்படித்தான் 25 மில்கள் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு வந்தன. இதற்கு நடுவே, 1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலியும் போனசும் கோரிக்கைகள். அதோடு, 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்றிருந்த ஒரே சங்கமான ராஷ்ட்ரிய மில் மஜ்தூர் சங்கம் தங்கள் பெயரில் பேசக்கூடாது என்பதும் ஒரு கோரிக்கை. அந்த வேலைநிறுத்தம் இன்றுவரை முறையாக முடித்துவைக்கப்படவில்லை. சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் கிடைத்த வேலைக்குப் போனார்கள், பல்லாயிரம் பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. துணி நெய்வதைவிட, துணி நெய்யாமல் நிலத்தை வைத்திருப்பதில் வருமானம் அதிகம் என்ற நிலை அந்தப் பத்தாண்டில் உறுதியாயிற்று. வேலைநிறுத்தம் மில்களைக் கொன்றது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த ஒரு தொழிலிலிருந்து வெளியேற, அது உரிமையாளர்களுக்கு வழி திறந்துவிட்டது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த நிலம் தொழிற்சாலைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மில்லை மூடிவிட்டு அங்கே வேறு எதுவும் கட்ட முடியாது. அதற்கான வாசலைத் திறந்தது 1991-ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58-ஆவது விதி. நலிந்த மில்லின் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றலாம், ஆனால் தோராயமாக மூன்றில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் பொது வசதிகளுக்கும் மாநகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். இன்னொரு பங்கைச் சாதாரண மக்களுக்கான வீடுகளுக்காக மஹாடா என்னும் மாநில வீட்டுவசதி வாரியத்திடம் கொடுக்க வேண்டும். எஞ்சியதை உரிமையாளர் விற்கலாம், கட்டலாம். மில்லின் பரப்பைப் பொறுத்து இந்த விகிதம் கொஞ்சம் மாறும். வீட்டுவசதிக்குக் கொடுத்த பங்குக்கு ஈடாக நகரின் வேறு பகுதியில் கட்டும் உரிமையும் உரிமையாளருக்குக் கிடைக்கும் என்பதால், விதி அவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. மும்பையைப் போல நெரிசலான ஒரு நகரத்தில், ஒரே வீச்சில் இவ்வளவு நிலத்தைப் பொதுவுக்குக் கொண்டுவரக்கூடிய விதி அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் பத்தாண்டுகளில் அந்த விதியின்படி மிகக் குறைந்த நிலமே ஒப்படைக்கப்பட்டது. வளாகம் முழுவதையும் இடித்துக் கட்டினால்தானே மூன்றில் இரண்டு பங்கு கொடுக்க வேண்டும்? இருக்கும் கூடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் உள்ளே பயன்பாட்டைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. நெசவுக் கூடம் அலுவலகமாயிற்று, கிடங்கு கடையாயிற்று. லோயர் பரேலில் ஒரு மில்லுக்குள் தொழிலாளரின் பொழுதுபோக்குக்கென்று அனுமதி வாங்கிப் பௌலிங் விளையாட்டுக்கூடம் திறக்கப்பட்டதைக் கிரண்காவின் பழையவர்கள் இன்றும் மனம் வெதும்பிச் சொல்வார்கள். சம்பள பாக்கிக்காக மில் வாசலில் நின்றவர்களின் பெயரில் அந்த அனுமதி வாங்கப்பட்டது என்பதே அவர்களுடைய வருத்தம்.

1996-இல் மாநில அரசு கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, மில் நிலங்களை என்ன செய்யலாம் என்று ஆராயச் சொன்னது. குழு முக்கியமாகத் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில்களை எடுத்துக்கொண்டு வரைபடம் தீட்டியது. அதன் அடிப்படை யோசனை எளிமையானது. ஒவ்வொரு மில்லிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனித்தனியாக வாங்கினால் நகரத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு நிலங்கள்தான் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்து மில்களைச் சேர்த்துத் திட்டமிட்டால், தொடர்ச்சியான பூங்காவும், ரயில் நிலையங்களைச் சுற்றி மக்கள் நடமாட அகலமான இடமும், உள்ளூர்க்காரர்களுக்கான வீடுகளும் கிடைக்கும். பரேல் நிலையங்களைச் சுற்றி நடைபாதையும் திறந்த சதுக்கமும் வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. அது செயலுக்கு வரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதே நிலையம் ஒன்றில் நடந்ததை நினைக்கும்போது, அந்த வரைபடத்தை மறப்பது எனக்கு முடியாத காரியமாக இருக்கிறது.

2001-இல் 58-ஆவது விதி திருத்தப்பட்டது. யாரும் நிலம் கொடுக்க முன்வராததால் விதியைத் தளர்த்துகிறோம், நிலம் விற்ற பணத்தில் தொழிலாளரின் பாக்கி தீர்க்கப்படும், வாரியத்துக்கு வரும் பங்கில் மில் தொழிலாளருக்கென்று வீடு ஒதுக்கப்படும் என்று அரசு தரப்பில் காரணம் சொல்லப்பட்டது. இவற்றில் கடைசி இரண்டும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் அதே திருத்தத்தில், மூன்று பங்காகப் பிரிப்பதற்கான கணக்கு வளாகத்தின் மொத்தப் பரப்பிலிருந்து திறந்த நிலத்துக்கும் மிச்சமிருக்கும் தளப்பரப்புக்கும் (விதிப்படி இன்னும் கட்டிக்கொள்ள எஞ்சியிருக்கும் பரப்பு) மாற்றப்பட்டது. அதாவது, கட்டடம் நிற்கும் தரை பங்கீட்டுக்கு வராது. அந்தக் கட்டடத்தை இடித்தால் உண்டாகும் காலி மனையும் வராது.

இதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்குவது நல்லது. 12 ஏக்கரில் ஒரு மில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 9 ஏக்கரைக் கூடங்கள் மூடியிருக்கின்றன, 3 ஏக்கர் வெறும் தரை. 1991-ஆம் ஆண்டு விதிப்படி நகரத்துக்கு 4 ஏக்கர், வீட்டுவசதிக்கு 4 ஏக்கர், உரிமையாளருக்கு 4 ஏக்கர். 2001-க்குப் பிறகு அந்த 3 ஏக்கர் மட்டுமே மூன்றாகப் பிரியும்: நகரத்துக்கு 1, வீட்டுவசதிக்கு 1, உரிமையாளருக்கு 10. ரம்பப் பல் கூரை போட்ட நெசவுக் கூடங்கள் வளாகத்தை எப்படி மூடியிருந்தன என்பதை முன்னால் பார்த்தோம்; அந்தக் கூரை இப்போது நிலத்தைக் காக்கும் குடையாகிவிட்டது. திருத்தத்தின் முழு வீச்சு அப்போது பலருக்குப் புரியவில்லை. அரசிதழில் வரும் விதித் திருத்தத்தின் மொழி அப்படிப்பட்டது. 'திறந்த நிலம்' என்ற சொல்லைப் படிக்கும் சாதாரண மனிதர், இடித்தபின் திறந்துகிடக்கும் நிலத்தையும் சேர்த்துத்தான் பொருள் கொள்வார்.

மில் நிலத்தைப் பற்றிய வாதத்தைத் தொழிலாளர் ஒரு பக்கம், முதலாளி மறுபக்கம் என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். நிலைமை அவ்வளவு நேர்கோடாக இல்லை. பத்தாண்டு, பதினைந்தாண்டு சம்பளம் இல்லாமல் இருந்த ஒருவருக்கு, மில் நிலத்தை விற்றால் பாக்கித் தொகை கைக்கு வரும் என்பது சிறிய விஷயமல்ல. அங்கீகாரம் பெற்ற சங்கம் விற்பனை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டபோது பலர் அதை ஏற்றுக்கொண்டது இதனால்தான். மறுபக்கம், மூடப்பட்ட மில்களின் தொழிலாளருக்காகத் தத்தா இஸ்வல்கர் போன்றவர்கள் 1989-இல் கட்டிய போராட்டக் குழு, மில்லை ஓட்டுங்கள், முடியாவிட்டால் நிலத்தில் எங்களுக்கு வீடும் எங்கள் பிள்ளைகளுக்கு வேலையும் கொடுங்கள் என்று கேட்டது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே தகப்பன் பாக்கியைக் கேட்பார், மகன் வேலையைக் கேட்பான். சூழல் அமைப்புகள் பூங்காவைக் கேட்டன. கட்டடக் கலைஞர்கள் ஒருங்கிணைந்த திட்டம் கேட்டார்கள். மில் வளாகத்துக்குள்ளேயே இருந்த சால்களில் குடியிருந்தவர்கள், இடத்தை விட்டு அனுப்பாமல் வீட்டைப் புதுப்பித்துத் தரும்படி கேட்டார்கள். கொடுப்பதற்கு 600 ஏக்கர் இருந்தபோது இந்தக் கோரிக்கைகள் எல்லாம் ஒன்றாக நிறைவேறக் கூடியவை. பங்குக்கு வரும் நிலம் சுருங்கியபோதுதான் பூங்காவா வீடா, வீடா பாக்கியா என்று இவர்கள் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தப்பட்டார்கள்.

2005-இல் விஷயம் முற்றியது. தேசிய பஞ்சாலைக் கழகம் தன் மும்பை மில்களில் ஐந்தை ஏலத்தில் விற்றது. லோயர் பரேலில் 17 ஏக்கர் பரப்புள்ள மும்பை டெக்ஸ்டைல் மில் 702 கோடி ரூபாய்க்குப் போயிற்று. தாதரில் ஐந்து ஏக்கருக்கும் குறைவான கோஹினூர் மூன்றாம் எண் மில் 421 கோடிக்குப் போயிற்று. அதே ஆண்டுத் தொடக்கத்தில் பம்பாய் சூழல் செயற்குழு உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்திருந்தது. திறந்த நிலம் என்றால் இடித்தபின் காலியாகும் நிலத்தையும் சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் விதியின் நோக்கமே செத்துப்போகும் என்பது அவர்கள் வாதம். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியது. தண்ணீர் உறிஞ்ச மண் இல்லாத ஊரில் திறந்தவெளி என்பது அலங்காரமா அத்தியாவசியமா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அக்டோபர் 17 அன்று உயர் நீதிமன்றம் சூழல் செயற்குழுவின் பொருளை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

ஐந்து மாதம்கூட அது நிலைக்கவில்லை. 2006 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, திருத்தம் செல்லும், கட்டடம் இடிந்து காலியாகும் நிலம் பங்கீட்டுக்குள் வராது என்று முடிவு செய்தது. நீதிமன்றம் சொன்ன காரணங்களை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: நான்கு ஆண்டு கழித்து வழக்குப் போட்டது தாமதம். அதற்குள் வாங்கியவர்கள், கடன் கொடுத்தவர்கள், பாக்கி பெற வேண்டிய தொழிலாளர்கள் என்று பலருடைய உரிமைகள் இதில் பின்னிவிட்டன. நலிந்த மில்களின் சீரமைப்புத் திட்டங்கள் இந்த விற்பனையை நம்பியிருக்கின்றன. நகரத்தின் தேவைகளை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பது அரசின் வேலை. இவற்றில் தாமதம் பற்றிய காரணத்தை எளிதில் தள்ள முடியாது. 2001-லேயே யாராவது வழக்குத் தொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு விதித் திருத்தத்தின் விளைவு, முதல் பெரிய ஏலம் நடந்த பிறகுதான் மக்கள் கண்ணில் படுகிறது என்றால், அந்தத் தாமதத்துக்குக் குடிமக்களை மட்டும் பொறுப்பாக்குவது சரியா என்பது என் மனத்தில் நிற்கும் கேள்வி. திருத்தத்தால் எந்த மில்லில் எவ்வளவு நிலம் பொதுவிடமிருந்து கைநழுவும் என்ற ஒரு பட்டியலை அரசு அன்றே வெளியிட்டிருந்தால், வழக்கே தேவைப்பட்டிருக்காது; விவாதம் சட்டமன்றத்திலேயே நடந்திருக்கும்.

அதன்பிறகு கட்டுமானம் வேகம் பிடித்தது. இன்று லோயர் பரேலில் இறங்கி நடப்பவர் காண்பது கண்ணாடி அலுவலகங்கள், பேரங்காடிகள், அறுபது எழுபது மாடிக் குடியிருப்புகள், அவற்றின் மதில்களுக்கு நடுவே பழைய மில் காலத்துத் தெருக்கள். நிலத்தின் பயன்பாடு மாறியது. தெருவின் அகலமும் நிலையத்தின் படிக்கட்டும் மாறவில்லை. மில் தொழிலாளி பெரும்பாலும் பக்கத்துச் சாலிலிருந்து நடந்தே வேலைக்கு வந்தவர். அலுவலக ஊழியரோ பல மைல் தூரத்திலிருந்து ரயிலில் வருபவர். ஒரு மில் வளாகத்துக்குள் எத்தனை ஆயிரம் இருக்கைகள் வரப்போகின்றன என்று அனுமதி கொடுத்தவர்கள், அத்தனை பேரும் எந்தப் பாலத்தின் வழியாக வெளியே வருவார்கள் என்று சேர்த்துப் பார்க்கவில்லை. 2017 செப்டம்பர் 29 காலை, அப்போது எல்ஃபின்ஸ்டன் ரோடு என்று அழைக்கப்பட்ட இன்றைய பிரபாதேவி நிலையத்தில், மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயிலிலிருந்து இறங்கியவர்களும் குறுகிய நடைமேம்பாலத்தின் படிக்கட்டில் நெருங்கி, 23 பேர் மிதிபட்டு இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 29 அதிகாலை, கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டைமாடி உணவகங்களில் பற்றிய தீயில் 14 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் உடனடிக் காரணங்கள் வேறு வேறு. விசாரணைகள் அவற்றைப் பேசின. ஆனால் பகுதியை ஒன்றாகப் பார்க்காமல் வளாகம் வளாகமாக அனுமதி கொடுத்துக்கொண்டே போனதன் கனத்தை அந்த இரண்டு இடங்களும் தாங்கிக்கொண்டிருந்தன.

வீடுகள் விஷயத்துக்கு வருவோம். சுருங்கிய பங்கிலிருந்தும் மஹாடாவுக்குக் கொஞ்சம் நிலம் வந்தது. அதில் கட்டிய வீடுகளுக்கு 2012 ஜூனில் முதல் குலுக்கல் நடந்தது. வீடுகள் 6,925; விண்ணப்பித்திருந்த தொழிலாளர்களும் வாரிசுகளும் ஒன்றரை லட்சத்துக்கு நெருங்கியவர்கள். 225 சதுர அடி வீடு, விலை ஏழரை லட்சம் ரூபாய். சந்தையில் அந்த விலைக்கு அந்தப் பகுதியில் ஒரு கார் நிறுத்துமிடம்கூட வாங்க முடியாது என்பதால் அது உண்மையிலேயே பெரிய உதவி; கிடைத்தவர்களுக்கு வாழ்க்கையே மாறியது. 2016-இல் 2,634 வீடுகளும், 2020 மார்ச்சில் 3,894 வீடுகளும் குலுக்கலுக்கு வந்தன. மூன்றையும் கூட்டினால் 13,453. மீதிப் பேரின் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம். குலுக்கலில் பெயர் வராதவர்களில் பலர் 1982-இல் இளைஞர்களாக இருந்தவர்கள். இன்று எழுபதைத் தாண்டியவர்கள், அல்லது வாரிசுப் பத்திரமாக மட்டும் எஞ்சியிருப்பவர்கள்.

எல்லா மில்லும் இதே வழியில் போகவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. தாதரில் அம்பேத்கரின் உடல் தகனம் செய்யப்பட்ட சைத்யபூமிக்கு அருகே கடலோரமாக இருந்தது இந்து மில். அது தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருந்தது. பன்னிரண்டு ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்துக்குச் சந்தையில் என்ன விலை கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6 அன்று லட்சக்கணக்கான மக்கள் வந்து கூடும் இடத்துக்கு அருகில் அம்பேத்கருக்கு நினைவகம் வேண்டும் என்று தலித் இயக்கங்கள் நெடுங்காலம் கேட்டுவந்தன. 2011 டிசம்பரில் போராட்டக்காரர்கள் மில் வளாகத்துக்குள்ளேயே நுழைந்து அமர்ந்தார்கள். அடுத்த ஆண்டே மத்திய அரசு நிலத்தை முழுமையாக நினைவகத்துக்குத் தர ஒப்புக்கொண்டது. 2015 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கூடம் எது, திறந்த தரை எது என்ற கணக்கு அங்கே எழவே இல்லை. கேட்டவர்களுக்கு ஒரே கோரிக்கை இருந்தது, அதைச் சொல்ல ஒரே குரல் இருந்தது, அந்தக் குரலுக்குப் பின்னால் எண்ணிக்கை இருந்தது. கிரண்காவின் மற்ற மில்களைச் சுற்றியிருந்தவர்களுக்கு இந்த மூன்றும் ஒருசேர அமையவில்லை.

பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிய பேச்சு இந்த விவாதத்தில் எப்போதும் சன்னமான குரலாகவே இருந்தது. காலாசௌக்கியில் உள்ள இந்தியா யுனைடெட் மில்களின் வளாகத்தில் துணித்தொழில் அருங்காட்சியகம் அமைப்பதாக மாநகராட்சி திட்டம் வகுத்தது. அங்கே இருக்கும் பழைய மில் குளமும் அதில் அடக்கம். அது மிக மெல்ல நகர்ந்துவருகிறது. சில புகைபோக்கிகள் பேரங்காடிகளின் நடுவே அடையாளச் சின்னமாக நிற்கின்றன. அவற்றை நிறுத்திவைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதன் அடியில் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று எழுதிய ஒரு பலகையும் உடன் இருந்தால் நன்றாக இருக்கும்.

இப்போது வாதம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் நிலத்தில் இருக்கும் பழைய சால்களில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றை யார், எந்த விதியின் கீழ் புதுப்பிப்பது என்பது தீராமல் இழுபடுகிறது. எஞ்சிய தொழிலாளர்களுக்கு ஷேலுவிலும் வாங்கணியிலும் வீடு கட்டித் தருவதாக அரசு சொல்கிறது. கரீ ரோடிலிருந்து கர்ஜத் செல்லும் ரயிலில் ஏறினால், தாணே, கல்யாண், பத்லாபூர் எல்லாம் தாண்டிய பிறகு வரும் நிலையங்கள் அவை. வேண்டாம், மும்பைக்குள்ளேயே தாருங்கள் என்று 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் தொழிலாளர்களும் வாரிசுகளும் திரண்டு நின்றார்கள். நகரத்துக்குள் நிலம் இல்லை என்பதே அவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்.